கோல்ன் கச்சேரியை எல்.பி.யிலும் சிடியிலும் அளந்து பார்த்தபோது

வினைல் நல்லதா சிடி நல்லதா என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒப்பிடப்படுவது வேறு வேறு இரண்டு பொருள்கள். எல்.பி., அதாவது பெரிய வினைல் இசைத்தட்டு, ஒரு மாஸ்டரில் (பிரதிகள் எடுக்கும் மூலப் பதிவில்) இருந்து வந்திருக்கும், சிடி இருபது வருஷம் கழித்து யாரோ சத்தத்தைக் கூட்டிப் போட்ட இன்னொரு மாஸ்டரில் இருந்து வந்திருக்கும், ஒன்றை ஸ்பீக்கரில் கேட்டு இன்னொன்றை ஹெட்போனில் கேட்டிருப்பார்கள், வால்யூம் எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. எனக்கு அது போதவில்லை. ஒரே இரவு, ஒரே டேப், இரண்டு வடிவம், இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துக் கேட்க வேண்டும். அதிலும் கச்சேரிப் பதிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் அரங்கத்தின் காற்று, கூட்டத்தின் சலசலப்பு, வாசிப்பவரின் மூச்சு எல்லாம் அதில்தான் இருக்கிறது. எந்த வடிவம் எதை விழுங்குகிறது என்பது அங்கேதான் தெரியும்.

எடுத்துக்கொண்டது அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் 'தி கோல்ன் கான்சர்ட்'. 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கோல்ன் நகர ஆப்பெரா அரங்கம். அன்று ஆப்பெரா முடிந்த பிறகுதான் மேடை கிடைத்தது, அதனால் தொடங்கியதே இரவு 11.30 மணிக்கு. அவர் கேட்டிருந்தது பெரிய போசன்டார்ஃபர் பியானோ. மேடையில் இருந்ததோ ஒத்திகைக்கு வைத்திருந்த சின்னது, அதுவும் பராமரிப்பில்லாதது. மேல் ஸ்தாயி தகரம் மாதிரி, கீழ் ஸ்தாயியில் வலு இல்லை, பெடலும் சரியில்லை. பல மணி நேரம் சுருதி கூட்டிச் சரிசெய்த பிறகும் அது அரைகுறைப் பியானோதான். அதனால் நடு ஸ்தாயியை விட்டு அதிகம் போகாமல், இடது கையில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டு அவர் கட்டியெழுப்பியதுதான் இன்றைக்கு நாம் கேட்பது. ஒலிப்பதிவுப் பொறியாளர் மார்ட்டின் வீலாண்ட் இரண்டு நியூமன் யூ67 மைக்கில், ஒரு டெலிஃபுங்கன் எம்5 டேப் மெஷினில் பதிந்தார். இரண்டே மைக் என்பது என் வேலைக்கு ரொம்ப வசதி. பின்னால் உட்கார்ந்து பல ட்ராக்கைக் கலந்து மாற்றுவதற்கு அதில் இடமே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இசைத்தட்டுக்குப் பியானோ மாதிரி கொடுமையான சோதனை வேறு கிடையாது. அடித்த கணத்தில் கூர்மையான தாக்கம், அப்புறம் நீளமாக இழையும் சுரம். தாக்கத்தில் முள் தடுமாறினால் காட்டிக்கொடுக்கும், இழையும் சுரத்தில் வேகம் துளி மாறினாலும் காட்டிக்கொடுக்கும். தம்புராவோடு பழகிய காதுக்கு இந்த ஆட்டம் உடனே தெரியும்.

முதலில் கணக்கு. மொத்தம் சுமார் 66 நிமிடம், சிடியில் ஒரே தட்டில் அடங்கிவிடுகிறது. எல்.பி.யில் இரண்டு தட்டு, நாலு பக்கம். முதல் பாகம் 26 நிமிடம், முழுக்க ஒரே பக்கத்தில். இரண்டாம் பாகத்தைப் பக்க நீளத்துக்காகவே இரண்டாக வெட்டி, சுமார் 15 நிமிடம் இரண்டாம் பக்கத்திலும் 18 நிமிடம் மூன்றாம் பக்கத்திலும் வைத்தார்கள். கடைசியாக வாசித்த 7 நிமிடத் துண்டு நாலாம் பக்கத்தில் தனியாக இருக்கிறது. 26 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் 867 சுற்று. இதைச் சுமார் 85 மில்லிமீட்டர் அகலத்துக்குள் அடக்க வேண்டும், அதாவது ஒரு தடத்துக்கு (முள் ஓடும் பள்ளத்தின் ஒரு சுற்றுக்கு) 0.1 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. தடம் நெருங்கினால் அலையின் வீச்சைக் குறைத்தே வெட்ட முடியும், வீச்சு குறைந்தால் தட்டின் இரைச்சல் இசைக்கு அருகில் வந்துவிடும். 7 நிமிடப் பக்கத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆக ஒரே ஆல்பத்துக்குள்ளேயே நெருக்கடியான பக்கமும் தாராளமான பக்கமும் கிடைக்கின்றன. இந்த ஆல்பத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு இது ஒன்றே போதும்.

கருவிகள்: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள், முள்ளின் அசைவை மின்னலையாக மாற்றும் ஆடியோ-டெக்னிகா விஎம்95 கார்ட்ரிட்ஜ். இந்தக் கார்ட்ரிட்ஜில் உடலை அப்படியே வைத்துக்கொண்டு முள்ளை மட்டும் மாற்றலாம். சாதாரண நீள்வட்ட முள்ளும், தடத்தின் நுண்ணிய வளைவுகளிலும் நுழையும் மெல்லிய நுனியுள்ள மைக்ரோலைன் முள்ளும் வைத்திருக்கிறேன். அப்புறம் கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஒரு ஃபோனோ ப்ரீ-ஆம்ப், 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் பதியும் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். சிடியை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளால் கணினிக்கு எடுத்து, மற்றவர்கள் எடுத்த பிரதிகளோடு ஒப்பிடும் ஆக்யுரேட்ரிப்பில் சரிபார்த்தேன். சிடி பக்கத்து வேலை அதோடு முடிந்தது. மிச்ச உழைப்பு எல்லாம் எல்.பி.க்குத்தான்.

தட்டு பல கை மாறி வந்தது. நம்ம ஊர் ஈரத்தில் உறைக்குள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும், இதிலும் விளிம்பில் வெள்ளைப் புள்ளி இருந்தது. டிஸ்டில்ட் வாட்டரில் ஐந்தில் ஒரு பங்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், நீர் திட்டாக நிற்காமல் பரவ இரண்டு சொட்டு ஃபோட்டோ-ஃப்ளோ கலந்து, மெல்லிய வெல்வெட் பிரஷால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, அப்புறம் வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, நிறுத்தி வைத்துக் காயவிட்டேன். லேபிள் நனையக் கூடாது. பழைய 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டுக்கு இந்தக் கலவையைத் தொடவே தொடாதீர்கள், ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். கழுவிய பிறகு பட்பட் சத்தம் பெருமளவு போனது. போகாமல் நின்றது கீறல், அதற்கு மருந்து கிடையாது.

கார்ட்ரிட்ஜ் பொருத்துவதில் எஸ்எல்-1200க்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஹெட்ஷெல்லின் (கார்ட்ரிட்ஜ் மாட்டும் தலைப்பகுதி) ரப்பர் வளையத்தில் இருந்து முள் நுனிக்கு 52 மில்லிமீட்டர் வைத்தால் கம்பெனி சொன்ன அமைப்பு வந்துவிடும். முள் தட்டை அழுத்தும் எடை 2 கிராம், சின்ன டிஜிட்டல் தராசில் பார்த்து வைத்தது. முன்னால் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, முள்ளும் அதன் பிம்பமும் நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தேன். இது சாய்ந்திருந்தால் இடது வலது பிரிப்பு கெட்டு அரங்கமே ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். எர்த் ஒயரை ப்ரீ-ஆம்பின் திருகில் இறுக்கியதும் 50 ஹெர்ட்ஸ் முனகல் அடங்கியது.

பெரிய வேலை இரண்டாவது தட்டில் வந்தது. மூன்றாம் பக்கத்தை ஓட்டினால் இழையும் சுரங்கள் எல்லாம் மெல்ல மேலும் கீழும் ஆடின. சிடியில் அதே இடம் கல் மாதிரி நின்றது. டர்ன்டேபிள் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடுகிறது, ஓர விளக்கில் புள்ளிகள் அசையாமல் நிற்கின்றன, ஆக வேகத்தில் குறையில்லை. ஹெட்ஷெல்லை மேலே இருந்து பார்த்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் வலமாகப் போய் வருகிறது. நடுத்துளை மையத்தில் இல்லை. எந்த ஆலையில் அழுத்திய தட்டிலும் நேரக்கூடியதுதான் இது. என் பிரதியில் ஆட்டம் மொத்தம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தது, அப்படியென்றால் துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மையத்தில் இருந்து 60 மில்லிமீட்டரில் இருக்கும் உள் தடத்தில் அது வேகத்தை 0.8 சதவீதம் மேலேயும் கீழேயும் தள்ளும். ஒரு அரைச் சுரத்தை நூறு சென்ட் என்று வைத்தால் கிட்டத்தட்ட 14 சென்ட் ஏற்றம், 14 சென்ட் இறக்கம், 1.8 நொடிக்கு ஒரு முறை. வெளி விளிம்பில் அதே பிழை கிட்டத்தட்ட 6 சென்ட்தான். அதனால்தான் பக்கம் முடிய முடிய ஆட்டம் கூடிக்கொண்டே போனது. பாடகர் குரலில் இது மறைந்துவிடலாம், பியானோவில் ஒளிய இடமில்லை.

சரிசெய்வது இப்படி. முள்ளை இறக்கி, தட்டைக் கையால் மெதுவாகச் சுற்றி, டோன் ஆர்ம் (முள்ளைத் தாங்கும் கை) வெளியே அதிகமாகப் போகிற இடத்தில் நிறுத்தி, முள்ளுக்கு நேராக லேபிளில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். முள்ளைத் தூக்கி, தட்டை வெளியே எடுத்து, துளையில் அந்தக் கோட்டுப் பக்கம் மட்டும் மெல்லிய உருண்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவ வேண்டும். கோட்டுப் பக்கம்தான், எதிர்ப் பக்கம் இல்லை. உண்மையான மையம் அந்தப் பக்கமாகத்தான் இருக்கிறது. ராவும்போது தட்டை நிமிர்த்திப் பிடித்து, தூள் தடத்தில் விழாதபடி லேபிளைச் சுற்றி ஈரத் துணி வைத்தேன். திரும்ப மாட்டி, கோட்டுப் பக்கத்தை ஸ்பிண்டிலை (டர்ன்டேபிளின் நடுக் கம்பியை) நோக்கித் தள்ளிவிட்டு ஓட்டிப் பார்த்தால் ஆட்டம் பாதியானது. இன்னும் ஒரு ராவல், ஒரு தள்ளல், கண்ணுக்கு ஆட்டம் தெரியாத நிலை. தட்டு நகராமல் இருக்க மேலே ஒரு ரெக்கார்ட் எடை. இன்னொன்று, ஒரு தட்டின் இரண்டு பக்கமும் தனித்தனி அச்சில் அழுத்தப்படுவதால் பிழையும் தனித்தனி. நாலாம் பக்கத்துக்குத் திருப்பும்போது மறுபடி பார்த்து வைக்க வேண்டும். துளை பெரிதாகிவிட்டதால் இனி ஒவ்வொரு முறையும் கையால் மையம் பார்க்கிறேன். எனக்கு அது பாரமாக இல்லை, மூன்றாம் பக்கம் முதல் முறையாகச் சுருதியில் நின்றபோது கிடைத்த சந்தோஷம் அதைவிடப் பெரிது.

பதிவு செய்யும்போது உச்ச அளவை மைனஸ் 6 டெசிபலுக்கு மேல் போகவிடவில்லை, 24 பிட்டில் அவ்வளவு இடம் விடுவதால் நஷ்டம் இல்லை. சத்தத்தைச் சமன் செய்வதுதான் இந்த மாதிரி ஒப்பீட்டின் உயிர். அரை டெசிபல் கூடுதலாக இருக்கிற பக்கம் "தெளிவாக" கேட்கும், கேட்பவருக்குச் சத்தம் கூடியிருக்கிறது என்று தோன்றாது, தரம் கூடியிருக்கிறது என்றுதான் தோன்றும். சராசரி அளவைப் பார்த்துச் சமன் செய்யலாம், ஆனால் எல்.பி. பதிவில் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே தட்டின் வளைவும் மோட்டார் உறுமலும் ஏகத்துக்கு இருக்கும், காதுக்குக் கேட்காது, மீட்டரில் மட்டும் ஏறும். அதனால் அளப்பதற்காக இரண்டு கோப்பின் நகலிலும் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, ஒரே பகுதியை அளந்து, இடது வலது தனித்தனியாக 0.1 டெசிபலுக்குள் கொண்டுவந்தேன். எதிர்பார்த்தபடியே முதல் பக்கத்தைத்தான் அதிகமாகத் தூக்க வேண்டியிருந்தது, நாலாம் பக்கத்துக்கு ரொம்பக் குறைவு. வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசப்பட்டால்கூட 26 நிமிடத்தில் ஒன்றரை நொடி விலகிவிடும். ஆகவே முழுப் பக்கத்தை இணையாக ஓட்டாமல் அரை நிமிடத் துண்டுகளாக வெட்டி ஒத்துவைத்தேன்.

இப்போது கேட்டது.

முதல் பாகத்தின் ஆரம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோல்ன் அரங்கத்தில் கச்சேரி தொடங்கப் போகிறது என்று அறிவிக்க ஒலிக்கும் மணியின் மெட்டையே ஜாரெட் முதல் சுரங்களாக வாசிக்கிறார், தினமும் அந்த மணியைக் கேட்டுப் பழகிய கூட்டத்தில் சிலர் சிரிக்கிறார்கள். மிக மெல்லிய சிரிப்பு. சிடியில் பின்னணியில் இருப்பது டேப்பின் சீரான 'ஸ்ஸ்' மட்டுமே, அதற்கு மேலே அந்தச் சிரிப்பு தனியாக, பியானோவில் இருந்து விலகி, அரங்கத்துக்குள்ளே ஒரு இடத்தில் நிற்கிறது. எல்.பி.யில் அதே சிரிப்பு இருக்கிறது, தொலையவில்லை, ஆனால் தட்டின் சரசரப்பும் அதே அளவில் ஓடுவதால் எது மனிதர் எது தூசி என்று காது ஒரு கணம் தேட வேண்டியிருக்கிறது. கச்சேரியில் உட்கார்ந்திருக்கும் உணர்வைத் தருவதே இந்த மாதிரித் துளிகள்தான். மெல்லிய ஒலிகளுக்குச் சிடிதான், சந்தேகமே இல்லை.

இங்கே காது வைத்துப் பார்க்க இன்னொன்றும் இருக்கிறது, முன்னெதிரொலி. நிசப்தத்தில் இருந்து பலமான சுரம் வருமுன் அதன் நிழல் லேசாகக் கேட்கும். தட்டில் பக்கத்துத் தடத்தின் சுவர் அழுந்தி வந்தால் அது சரியாக ஒரு சுற்றுக்கு, அதாவது 1.8 நொடிக்கு முன்னால் வரும். டேப் சுருளில் ஒரு அடுக்கின் காந்தம் அடுத்த அடுக்கில் ஒட்டி வந்தாலும் நிழல் வரும், ஆனால் அது இரண்டு வடிவத்திலும் இருக்கும். எனவே சிடியில் இல்லாமல் எல்.பி.யில் மட்டும் கேட்டால் குற்றவாளி தடம்தான். முதல் பக்கத்தில் தடம் நெருக்கமாக இருப்பதால் ஹெட்போனில் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது, நாலாம் பக்கத்தில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

ஜாரெட்டின் முனகலும் கூவலும் காலைத் தட்டும் சத்தமும் எனக்குச் சமமாகவே கேட்டன. அதைத் தொந்தரவு என்பவர்கள் உண்டு. எனக்கு அது இல்லாமல் அந்தக் கச்சேரி இல்லை.

முதல் பக்கத்தின் கடைசி நிமிடங்களில் வித்தியாசம் பெரிதாகிறது. வெளி விளிம்பில் தடம் முள்ளுக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலியை ஐந்தில் இரண்டு பங்கு நீளத்துக்குள் நெருக்கி எழுதியிருக்கிறது. நீள்வட்ட முள்ளில், வலது கை ஓங்கி அடிக்கும் சுரங்களின் நுனியில் ஒரு உராய்வு, மணல் கலந்த மாதிரி. மைக்ரோலைன் முள் மாற்றி, எடையும் சத்தமும் மறுபடி சமன் செய்து கேட்டால் அந்த மணல் பெரும்பாலும் போய்விட்டது, சிடிக்கு மிக அருகில் வந்துவிட்டது. "எல்.பி. என்றாலே இப்படித்தான் கரகரக்கும்" என்று சொல்லப்படுவதில் பாதி முள்ளின் வடிவம் என்று நான் அடித்துச் சொல்வேன். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், கேபிள் இல்லை.

அப்படியென்றால் எல்.பி.யில் கேட்கிறபோது அரங்கம் பெரிதாக, கதகதப்பாகத் தோன்றுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? இதற்கு ஒரு சோதனை செய்தேன், இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரே பகுதியை இரண்டு விதமாகப் பதிந்தேன். ஒருமுறை ஸ்பீக்கரை முழுக்க அணைத்துவிட்டு, இன்னொரு முறை வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் ஸ்பீக்கர் ஓடும்போதே. இரண்டாவது பதிவில் கீழ் ஸ்தாயி தடித்து, ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னாலும் ஒரு வால் நீண்டது. ஸ்பீக்கரின் சத்தம் மேசை வழியாகவும் காற்று வழியாகவும் தட்டுக்கும் முள்ளுக்கும் திரும்பி வந்து, இசையோடு சேர்ந்து மறுபடி ஆம்புக்குப் போகிறது. நான் கோல்ன் அரங்கத்தின் ஆழம் என்று நினைத்து ரசித்ததில் ஒரு பங்கு என் வீட்டு அறை. அதோடு கார்ட்ரிட்ஜில் இடது வலது பிரிப்பு இருபது சொச்சம் டெசிபல்தான், சிடியில் அதைப்போல் பல மடங்கு. அந்தக் கசிவு பியானோவை நடுவில் கொஞ்சம் ஒன்றுசேர்த்து, கெட்டியாகக் காட்டுகிறது. இந்தப் பியானோவின் தகரத்தன்மைக்கு அது உதவியாகவே இருக்கிறது, கேட்க இதமாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவே மாட்டேன்.

அடுத்த சோதனை இதைவிட நேரடியானது. எல்.பி.யில் இருந்து 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்த கோப்பை சிடியின் அளவான 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி, ஃபூபார்2000 என்ற மென்பொருளில் ஏபிஎக்ஸ் முறையில், எது எது என்று தெரியாமல் கேட்டேன். எல்.பி.யையும் சிடியையும் இப்படி ஒப்பிடுவதில் பயனில்லை, சரசரப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எல்.பி. கோப்பையும் அதன் சிடி அளவு நகலையும் ஒப்பிட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, வெறும் ஊகம்தான். அந்தக் கதகதப்பு, அந்தக் கெட்டி, அந்த வால், எல்லாம் 16 பிட்டுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஆக எல்.பி.யில் நாம் விரும்புவது சிடியால் தாங்க முடியாத ஏதோ ஒன்று அல்ல. வெட்டும் இயந்திரம், தட்டு, முள், அறை எல்லாம் சேர்ந்து இசைக்குச் சேர்த்த ஒன்று. சேர்த்ததை விரும்பலாம், நானும் விரும்புகிறேன். ஆனால் டேப்பில் இருந்தது எது என்று கேட்டால் கை சிடியைத்தான் காட்டும்.

ஒரு எச்சரிக்கை. உச்ச ஒலிக்கும் சராசரி ஒலிக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் டைனமிக் ரேஞ்ச் மீட்டரில் எல்.பி. கோப்பை ஓட்டி, எண் கூடுதலாக வருகிறது, ஆகவே எல்.பி. மாஸ்டர் சிறந்தது என்று முடிவுகட்டாதீர்கள். தட்டில் வெட்டி முள்ளால் படிக்கும்போது ஒலியலையின் கட்டம் (ஃபேஸ்) மாறி உச்சங்கள் நிமிர்ந்துவிடும், ஒரே மாஸ்டரில் இருந்து வந்தாலும் எண் கூடும். இந்தப் பதிவில் சிடியும் சத்தத்தைக் கூட்டுவதற்காக நசுக்கப்படாதது என்பதால் எனக்கு அந்தக் குழப்பம் வரவில்லை. ராக் கச்சேரிகளின் 1990களுக்குப் பிந்தைய மறுபதிப்புச் சிடிகள் பலவற்றில் நிலைமை வேறு. அங்கே கைதட்டலும் கிட்டாரும் ஒரே உயரத்தில் சுவர் மாதிரி நிற்கும், பழைய எல்.பி. உண்மையிலேயே நன்றாக இருக்கும். அதற்குப் பழியைச் சத்தத்தைக் கூட்டிய கையின் மேல் போட வேண்டும், வெள்ளித் தட்டின் மேல் இல்லை. அதே கச்சேரியின் முதல் சிடிப் பதிப்பைத் தேடி வாங்கிக் கேட்டால் விஷயம் புரியும்.

இப்போது எப்படிக் கேட்கிறேன் என்றால், முதல் பாகத்துக்குச் சிடி, யோசனையே இல்லை. இரண்டாம் பாகத்துக்கும் பெரும்பாலும் சிடிதான், ஏனென்றால் பதினைந்தாவது நிமிடத்தில் எழுந்து தட்டு மாற்றினால் அவர் கட்டிக்கொண்டு போனது எனக்குள் அறுந்துவிடுகிறது. நாலாம் பக்கத்தின் ஏழு நிமிடத்துக்கு எல்.பி.யைப் போடுகிறேன். தடம் விசாலம், உள் விளிம்பை நெருங்குவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது, அந்த 7 நிமிடத்துக்கு என் சிஸ்டம் தரக்கூடிய மிகச் சிறந்த வினைல் ஒலி அதுதான்.

பழைய தட்டு வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒன்று செய்யுங்கள். கீறலை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பக்கத்தின் கடைசித் தடங்களிலும் முள்ளை வைக்கச் சொல்லி, ஹெட்ஷெல் இடம் வலம் ஆடுகிறதா என்று மேலே இருந்து பாருங்கள். கொஞ்சம் ஆடினால் அரம் இருக்கிறது. ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் ஆடினால், பியானோ தட்டாக இருந்தால், அதே இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.